ஊதா அவரை: முற்றிய விதையில் செய்யும் தவறுகள்

மாடித்தோட்டத்தில் ஊதா அவரையை இப்போது பலர் அழகுக்காகவே பந்தலில் ஏற்றுகிறார்கள். பூவும் காயும் ஊதா, பார்க்கக் கண் நிறைந்துபோகும். தண்ணீர், உரம், அசுவினிப் பூச்சி பற்றி நான் பேசப்போவதில்லை. அதெல்லாம் ஒரு பருவத்தில் தானாகப் பிடிபட்டுவிடும். புதிதாக வருபவர்கள் மறுபடி மறுபடி சறுக்குவது விதையைச் சமைப்பதில்.

ஊறிய தண்ணீரைக் குழம்பில் ஊற்றுவது

பிஞ்சுக் காயைப் பொரியல் செய்து சாப்பிடலாம். கொடியிலேயே முற்றிக் காய்ந்த விதை வேறு சங்கதி. அதில் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் இருக்கின்றன. பச்சையாக மென்றாலோ நசுக்கினாலோ விதைக்குள் உள்ள நொதி அவற்றை உடைத்துவிடும். கூடவே லெக்டின் என்ற புரதம்; சரியாக வேகாவிட்டால் வயிற்றைப் புரட்டி எடுக்கும்.

இதே அவரை இனமான மொச்சையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பது நம் வீட்டு வழக்கம். பிதுக்குப் பருப்புக்கும் அதேதான். அந்தச் சேர்மங்கள் தண்ணீரில் கரையும்; கொட்டும்போது ஒரு பங்கு போய்விடும். வெளிப்பட்ட சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரிதான் என்பதால், திறந்த பாத்திரத்தில் கொதிக்கும்போது ஆவியாகிவிடும்.

“தண்ணியக் கொட்டினா சத்து போயிடுமே” என்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பேச்சு ஓயவில்லை, எனக்கு எரிச்சலே இதில்தான். எங்கள் தெருவில் புதிதாகத் தோட்டம் போட்ட ஒருவர், விதையைக் கொஞ்ச நேரம் மட்டும் ஊறவைத்து, கலங்கிய தண்ணீரோடு காரக்குழம்பு வைத்தார். கடித்தால் நடுவில் நறுக்கென்றது. அன்று இரவு வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. கொட்டிவிடச் சொல்லி மாமியார் முதலிலேயே சொல்லியிருக்கிறார்.

ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள். புதுத் தண்ணீரில், மூடாமல், தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அதையும் வடித்துவிட்டு, மறுபடி தண்ணீர் வைத்து மசியும்வரை வேகவையுங்கள்.

ஊறவைக்காமல் வறுத்துக் கொறிப்பது

வேண்டவே வேண்டாம்.

தெர்மல் குக்கரை நம்புவது

அடுப்பிலிருந்து இறக்கி மூடிவைத்தால், கொதி அடங்கிய சூட்டில் லெக்டின் அழியாது. முதலில் அடுப்பில் நன்றாகக் கொதித்தாக வேண்டும்.

பக்கத்திலேயே குன்றிமணியை ஏற்றுவது

அதிலுள்ள அப்ரின் கொடிய நஞ்சு. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

நெற்றைக் கொடியிலேயே விடுவது

ஊதா அவரை விதை கறுப்பாக, ஓரத்தில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். குழந்தை கை தானாக நீளும். காய்ந்த நெற்றைப் பறித்து, விதையை மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். மென்ற பிள்ளைக்கு வாந்தி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் காட்ட ஒரு விதையையும் கொண்டுபோங்கள்.