அண்டால்யா பக்கம் ஒரே நாள்ல மூணு பழைய ஊர்: தண்ணி போன வழியில போய்ப் பாருங்க

துருக்கி போற நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் இஸ்தான்புல், பலூன் ரைடு, அதோட திரும்பிடறாங்க. தெக்க மத்தியதரைக்கடல் ஓரமா அண்டால்யா இருக்கு, அங்கிருந்து கிழக்க போற ஹைவேய ஒட்டியே பெர்கே, அஸ்பெண்டோஸ், சிடேன்னு மூணு ரோமானியர் காலத்து ஊர், ஒரே நாள்ல மூணையும் பார்த்துடலாம். ஆனா சும்மா போய் நின்னீங்கன்னா மத்தியானத்துக்குள்ள "எல்லாம் கல்லுதானே"ன்னு வீட்ல இருக்கறவங்க உக்காந்துடுவாங்க. எங்க அம்மா பெர்கேல அரை மணி நேரத்துலயே "இதைவிட மாமல்லபுரத்துல நல்லா செதுக்கிருக்கான்டா"ன்னுட்டாங்க, அப்புறம் அவங்க மனசு மாறினது ஒரு வாய்க்கால பார்த்துதான்.

முதல்ல விசா. அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் இதுல ஏதாவது ஒரு விசா செல்லுபடியா கையில இருந்தா நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஈ-விசா வழி உண்டு, இல்லன்னா முன்கூட்டியே ஸ்டிக்கர் விசாவுக்கு அப்ளை பண்ணணும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை செக் பண்ணிடுங்க. ஏப்ரல், மே, அக்டோபர் நல்ல நேரம். ஜூலை ஆகஸ்ட் வேணாம், நம்ம கத்திரி வெயில் மாதிரியேதான் அடிக்கும், இடிஞ்ச ஊர்ல நிழலுக்கு ஒதுங்கக்கூட இடம் கிடையாது. செருப்பு போட்டுட்டு போகாதீங்க, அந்த பளிங்குக்கல்லு ரெண்டாயிரம் வருஷம் நடந்து நடந்து வழுவழுன்னு ஆயிருக்கு, கிரிப் இருக்கற ஷூதான் சரி.

பெர்கே அண்டால்யாலேர்ந்து சுமார் 17 கிலோமீட்டர்தான், கேட் திறக்கற நேரத்துக்கே போய் நின்னுடுங்க. டிராம்ல அக்சு வரைக்கும் போய் அங்கிருந்து நடக்கலாம், ஆனா பெரியவங்க கூட இருந்தா, மூணு ஊரும் போகணும்னா, நாள் முழுக்க டிரைவரோட ஒரு கார் பேசிக்கறதுதான் நிம்மதி. உள்ள போனதும் ரெண்டு வட்ட கோபுரம் வரும், அதுக்குப் பின்னாடி இருக்கற முற்றத்த 2-ம் நூற்றாண்டுல பிளான்சியா மேக்னான்னு ஒரு பொம்பளை தன் சொந்த காசுல அலங்கரிச்சிருக்காங்க, அங்க இருந்த அவங்க அப்பா சிலையோட பீடத்துல "பிளான்சியாவோட அப்பா"ன்னு எழுதியிருந்துச்சு, அவர் பெரிய ரோமானிய அதிகாரி, ஆனா சொந்த ஊர்ல மகள வெச்சுதான் அடையாளம். இங்க கொஞ்சம் நின்னு பாருங்க.

அப்புறம் தூண் வரிசை இருக்கற பெரிய தெரு. அவசரப்படாம வடக்கு கடைசி வரைக்கும் நடங்க, மலையடிவாரத்துல ஒரு நீரூற்று மண்டபம், அதுல கெஸ்ட்ரோஸ் ஆத்து சாமி தலை இல்லாம சாஞ்சு படுத்திருப்பார், அவருக்குக் கீழ இருக்கற வழியா தண்ணி கொட்டி தெரு நடுவுல வெட்டின வாய்க்கால்ல இறங்கி ஊர் முழுக்க ஓடியிருக்கு. வாய்க்காலுக்கு குறுக்க சின்ன சின்ன தடுப்பு இருக்கும் பாருங்க, தண்ணி ஒவ்வொரு தொட்டியா தேங்கித் தேங்கி போக. ரெண்டு பக்கமும் வண்டித்தடம், அதுக்கப்புறம் தூண், தூணுக்குப் பின்னாடி கடைங்க. அம்மா அந்த வாய்க்கால் விளிம்புல குனிஞ்சு உள்ள கைய விட்டு கல்ல தடவிப் பார்த்துட்டு "தெருவுலயே ஓடிச்சாடா?"ன்னு கேட்டாங்க. 2019 ஜூன்ல மடிப்பாக்கத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு லாரிக்காக குடத்த வரிசைல வெச்சுட்டு உக்காந்திருந்தவங்க அவங்க. அதுக்கப்புறம் என்னை விட்டுட்டு அவங்களே முன்னாடி போய் குளியல் மண்டபத்துல தரைக்கு அடியில சூடு காத்து போக செங்கல் தூண் நட்டு வெச்சிருக்கறதெல்லாம் கண்டுபிடிச்சாங்க.

பெர்கேல பிறந்த பழைய கிரேக்க கணித மேதை அப்போலோனியஸ்தான் எலிப்ஸ், பாராபோலா, ஹைப்பர்போலான்னு பேர் வெச்சவர், பிளஸ் டூ படிக்கற பசங்க கூட வந்தா சொல்லுங்க.

அடுத்தது அஸ்பெண்டோஸ். ரோமானியப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் காலத்துல செனோன்ங்கற கட்டடக்கலைஞர் கட்டின தியேட்டர், மேடைச்சுவர் முழுசா நிக்குது, செல்ஜுக்குகள்ங்கற துருக்கிய அரச வம்சத்துக்காரங்க 13-ம் நூற்றாண்டுல ரிப்பேர் பண்ணி புழங்கினதாலதான் இவ்ளோ நல்லா தப்பிச்சிருக்கு. படி ஒவ்வொண்ணும் உயரம், முட்டி வலி இருக்கறவங்க கீழயே உக்காந்துக்கலாம், மேல போனவங்க பேசறது நல்லாவே கேட்கும். நிறைய பேர் தியேட்டரோட திரும்பிடறாங்க, அது தப்பு. குன்றுக்கு வடக்க வயலுக்கு நடுவுல தண்ணிப் பாலம் நிக்குது, கண்டிப்பா பாருங்க. மலைத்தண்ணி பள்ளத்துல இறங்கி மறுபடி மேட்டுக்கு ஏறணும், மோட்டார் கிடையாது, கல்லுல ஓட்டை போட்டு பைப்பா கோத்து அழுத்தத்துலயே ஏத்தியிருக்காங்க, நடுவுல ரெண்டு உயரமான கோபுரம் வேற. நம்ம மொட்டை மாடி டேங்க்லேர்ந்து குழாய்க்கு வர்ற அதே கணக்குதான்.

மத்தியானம் ரோட்டோரத்துல கோஸ்லெமே சாப்பிடுங்க, மெல்லிசா தேய்ச்ச ரொட்டிக்குள்ள கீரையோ உருளைக்கிழங்கோ வெச்சு கல்லுல சுடறது. சைவம்னா "எட்ஸிஸ்"னு சொல்லுங்க, கறி இல்லாமன்னு அர்த்தம். கூட அய்ரான், நம்ம உப்பு மோரேதான்.

சிடேக்கு சாயங்காலம் நாலு மணி வாக்குல வந்தா போதும். ஊர் வாசலுக்கு வெளியில ஒரு பெரிய நீரூற்றுச் சுவர் இருக்கு, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருந்து கால்வாய்ல தண்ணி கொண்டு வந்திருக்காங்க. சிடேன்னா மாதுளைன்னு அர்த்தம், அவங்க பழைய காசுலயும் மாதுளைதான், அதனால ஒரு மாதுளை ஜூஸ் வாங்கிட்டு கடைத்தெரு வழியா நேரா கடல் முனைக்கு போங்க. அப்போலோ கோயில்ல அஞ்சு தூண எடுத்து நிறுத்தி வெச்சிருக்காங்க, பின்னாடி கடல். சூரியன் மறைய அரை மணி நேரம் முன்னாடியே போய் இடம் புடிச்சுடுங்க, டிரைவர்கிட்ட மட்டும் கிளம்பற நேரத்த காலைலயே பேசி வெச்சுக்கோங்க, திரும்ப அண்டால்யா 75 கிலோமீட்டர்.