கழற்றினால் நன்றாகத்தான் இழுக்கும்: வேக்குவம் கிளீனரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துப்புரவுத் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி போன வாரம் தன் வேக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. மூடியைத் திறந்தேன். ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "அதை எப்போதோ கழற்றிவிட்டேன் அண்ணா. இருந்தால் சரியாக இழுப்பதில்லை" என்றார், தொழில் ரகசியத்தைப் பகிர்ந்துகொள்பவர் போல. தொழிலைத் தொடங்கிய புதிதில் இதே வார்த்தைகளை நானும் ஒரு மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவது, குழாயில் அடைப்பு பார்ப்பது போன்றவை இயந்திரத்தோடு வரும் கையேட்டிலேயே இருக்கின்றன. அவற்றை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை.

வீட்டு இயந்திரத்தைத் தொழிலுக்கு இறக்குவது

வீட்டில் வாரம் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு 52 மணி நேரம். ஓர் அலுவலகத்தில் தினம் 3 மணி நேரம், மாதம் 25 நாள் ஓட்டினால் 75 மணி நேரம். வீட்டில் ஒன்றரை ஆண்டில் படும் பாட்டை அது இங்கே ஒரே மாதத்தில் பட்டுவிடுகிறது. ஆறு மாதத்தில் படுத்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. வீட்டு இயந்திரங்களின் வாரண்டி அட்டையிலும் வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்ற வரி பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

வாட் எண்ணைப் பார்த்து மயங்குவது

வாட் என்பது இயந்திரம் தின்னும் மின்சாரத்தின் அளவு. அது இழுக்கும் அளவு வேறு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் சாதாரண வேக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட் என்று உச்சவரம்பு வைத்து, 2017 செப்டம்பரில் அதையும் 900 வாட்டாகக் குறைத்தது. அதற்காக அங்கே தரைவிரிப்புகள் அழுக்காகக் கிடக்கவில்லை. கேட்க வேண்டியவை இரண்டு: நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று ஓடுகிறது, உறிஞ்சும் அழுத்தம் எவ்வளவு. இந்த இரண்டின் உச்சமும் ஒரே நேரத்தில் கிடைக்காது. குழாயின் வாயை முழுதும் அடைத்தால்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். முழுதும் திறந்தால்தான் காற்றோட்டம் உச்சத்துக்குப் போகும். விளம்பரத்தில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள்.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது

இதற்குத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

அது ஒரு புதுக் கட்டடம். ஒப்படைப்பதற்கு முன் மூன்று மாடிகளையும் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். சுவரெல்லாம் பட்டி தேய்த்த மாவுத் தூசி, மேல்தளத்தில் ஜிப்சம் பலகை அறுத்த தூசி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபில்டர் அடைத்துக்கொண்டது. தட்டினேன், மாட்டினேன், மறுபடி தட்டினேன். பொறுமை போய்விட்டது. கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டினேன். பேய் போல இழுத்தது. இவ்வளவு நாள் இது தெரியாமல் போயிற்றே என்றுகூட நினைத்தேன்.

அறையில் வெள்ளையாக ஒரு மங்கல் மிதந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்து உதிர்கிறது என்று நம்பினேன். என் இயந்திரத்தின் பின்பக்கத் துளைகள்தான் அதை ஊதிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் மாலை, விளக்குப் போடாத அறையில், அதே துளைகளின் வழியே நீல நிறத்தில் ஒரு நெருப்பு வளையம் சுற்றுவது தெரிந்தது. பிறகு கருகிய வாடை. பிறகு ஒன்றுமில்லை.

மெக்கானிக் மோட்டாரைப் பிரித்து மேசைமேல் பரப்பினார். இந்த மோட்டார்களில் விசிறியும், ஆர்மேச்சர் என்ற சுழலும் கம்பிச் சுருள் பகுதியும் ஒரே தண்டில் இருக்கின்றன. நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும். ஆர்மேச்சரின் ஒரு முனையில் கம்யூட்டேட்டர் என்ற செம்பு வளையம் இருக்கும். மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ் இரண்டும் அதன்மேல்தான் உரசிக்கொண்டிருக்கும். வழவழவென்று இருக்க வேண்டிய அந்தச் செம்பில் இசைத்தட்டு போல வரிவரியாகக் கீறல். பிரஷ்கள் பட்டாணி அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தன. பேரிங்கின் மூடியை ஊசியால் நெம்பி, உள்ளே இருந்ததைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் களி. சுவரில் பூசிய அதே பட்டிதான், கிரீஸில் குழைந்து கிடந்தது.

மோட்டார் போனதுகூடப் பெரிதில்லை. துடைத்து முடித்த மூன்று மாடிகளின் கண்ணாடிகளிலும் கதவுகளிலும் மறுநாள் காலை மெல்லிய வெள்ளைப் படலம் படிந்திருந்தது. அத்தனையையும் கூலியில்லாமல் மறுபடி துடைத்தோம். அந்த மூன்று நாளும் அதே காற்றைத்தான் நாங்களும் சுவாசித்தோம் என்பது பிறகுதான் உறைத்தது. கான்கிரீட், கல் அறுக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், போகாது. அந்த வேலைக்கென்றே எம், எச் என்று தரம் பிரித்த இயந்திரங்கள் இருக்கின்றன. எம் வகை 99.9 சதவீதத் தூசியைப் பிடிக்க வேண்டும், எச் வகை 99.995 சதவீதம்.

வேக்குவம் கிளீனரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஹூபர்ட் செசில் பூத், 1901-ஐ ஒட்டி, நாற்காலி மெத்தையின்மேல் கைக்குட்டையை விரித்து வாயால் உறிஞ்சிப் பார்த்தாராம். இருமிக்கொண்டே கைக்குட்டையைத் திருப்பினால் அடியில் அழுக்கு படிந்திருந்தது. மோட்டாருக்கும் முன்பே ஃபில்டர் வந்துவிட்டது. நாமோ முதல் வேலையாக அதைத்தான் கழற்றுகிறோம்.

இதன் மறுபக்கமும் உண்டு: ஃபில்டர் இருக்கும், ஆனால் அடைத்தபடியே ஓட்டுவார்கள். அடைத்தவுடன் சத்தம் கீச்சென்று உயரும். மோட்டார் திணறுகிறது என்று சிலரும், வேகம் பிடித்துவிட்டது என்று சிலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விசிறிக்குத் தள்ளக் காற்று கிடைக்கவில்லை. சுமை குறைந்ததால் வேகமாகச் சுழல்கிறது, மின்சாரத்தைக்கூடக் குறைவாகவே எடுக்கிறது. ஆனால் உலர் தூசிக்கான பல இயந்திரங்களில் உறிஞ்சும் அதே காற்றுதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. அது நின்றால் மோட்டாரின் கம்பிச் சுருள் வேகும். நல்ல இயந்திரமாக இருந்தால் சூடு ஏறியதும் தானாக அணைந்து, ஆறிய பிறகு ஓடும். நம்மவர்கள் அரை மணி நேரம் தேநீர் குடித்துவிட்டு வந்து, ஏன் அணைந்தது என்று பார்க்காமல் மறுபடி சுவிட்சைப் போடுவார்கள். ஈரமும் உலர்வும் இழுக்கும் வகைகளில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனி விசிறி இருக்கிறது. அவை இந்தக் கொடுமையைக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

இப்போது நான் செய்வது இது: மாவுத் தூசி என்றால் காகிதப் பை வேண்டாம், பஞ்சுத்துணி போன்ற செயற்கை இழைப் பை. இயந்திரத்துக்கு முன்னால், காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் ஒரு வாளி, அதிலேயே பெரும்பகுதி தூசி விழுந்துவிடும். கையில் எப்போதும் இரண்டு ஃபில்டர்கள். ஒன்று ஓடும்போது மற்றொன்றைத் தரையில் மெதுவாகத் தட்டி வைப்பேன். கம்ப்ரெசர் காற்றை நெருக்கமாகப் பிடித்து ஊதிச் சுத்தம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இழையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். பிறகு அது பெயருக்குத்தான் ஃபில்டர்.

பாதிதானே நிறைந்திருக்கிறது என்று பையை விட்டுவைப்பது

மாவுத் தூசி பையின் கொள்ளளவை நிரப்பாது, துவாரங்களை நிரப்பும். மாற்றுங்கள்.

கழுவிய ஃபில்டரை ஈரத்தோடு மாட்டுவது

ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

சோப்பு நுரையை இழுப்பது

தொட்டியில் நீர் ஏறினால் மிதவைப் பந்து மேலெழுந்து வழியை அடைக்கும். நுரை அந்தப் பந்தைத் தூக்காது, அதைத் தாண்டி நேராக மோட்டாருக்குப் போகும். நுரை அடக்கும் திரவத்தைத் தொட்டியில் கொஞ்சம் முன்பே ஊற்றிவைக்க வேண்டும்.

சூடான சாம்பல்

வேண்டாம்.

கார்பன் பிரஷ் தீரும்வரை ஓட்டுவது

பிரஷ் தேய்ந்து தீரவே செய்யப்பட்ட பொருள். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும்போதே மாற்றிவிட்டால் ஆர்மேச்சர் பிழைக்கும். தீரும்வரை ஓட்டினால் அதைப் பின்னாலிருந்து தள்ளும் ஸ்பிரிங்கே செம்பில் போய் உரசும். புது பிரஷ் போட்டவுடன் முழு வேகத்தில் விரட்டக் கூடாது. அதன் தட்டையான முனை வளையத்தின் வளைவுக்குப் படிய நேரம் வேண்டும். விவரம் தெரிந்த மெக்கானிக் பாதி மின்னழுத்தத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டுத்தான் கையில் கொடுப்பார்.

அந்தத் தம்பிக்கு அதிர்ஷ்டம் இருந்தது. செம்பு இன்னும் கீறவில்லை. பிரஷ் இரண்டையும் பேரிங் இரண்டையும் மாற்றி, புது ஃபில்டர் போட்டு அனுப்பினோம். மறுநாள் காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். "எல்லாம் சரிதான் அண்ணா, ஆனால் முன்பு போல இழுக்கவில்லையே" என்றார்.