கல்லூரி வளாகத்தை நேரில் பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவுகள் வெளியாகி, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்த பிறகு, தரவரிசைப் பட்டியலுக்காகக் காத்திருக்கும் வாரங்களில் பல குடும்பங்கள் கல்லூரிகளை நேரில் பார்த்துவரப் புறப்படுகின்றன. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண், எந்தெந்தக் கல்லூரிகள் கைக்கெட்டும் என்பதை ஓரளவு சொல்லிவிடும். அவற்றில் எதை விருப்பப் பட்டியலில் மேலே வைப்பது என்பதைச் சொல்லாது. அதற்காகத்தான் நேரில் போகிறோம். ஆனால் பெரும்பாலோர் விருந்தினராகப் போய், விருந்தினருக்குக் காட்டப்படுவதை மட்டும் பார்த்துவிட்டு, நிறைந்த மனத்துடன் வீடு திரும்புகிறார்கள். நான்கு ஆண்டுகள் அங்கே படித்து, சாப்பிட்டு, தூங்கி எழப்போகும் ஒரு மாணவரின் இடத்தில் நின்று பார்ப்பவர்கள் குறைவு. பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

ஆளில்லாத வளாகத்தைப் பார்ப்பது

பெற்றோருக்கு விடுமுறை கிடைக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைக்கு நேரம் கிடைக்கும் மாதம் மே. இந்த இரண்டிலும் வளாகம் காலியாகவே இருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் இரட்டைப்படை செமஸ்டர் தேர்வுகள் பொதுவாக ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். தேர்வு முடிந்தால் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். பூட்டிய ஆய்வகத்தைச் சன்னல் வழியாகவும், அடுப்பெரியாத மெஸ்ஸை வாசலில் நின்றும் பார்ப்பதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. சீனியர் மாணவர்களுக்கு வகுப்பு தொடங்கிய பிறகு, தரவரிசைப்படி பல சுற்றுகளாக நடக்கும் கலந்தாய்வில் உங்கள் சுற்றுக்கான விருப்பப் பதிவு திறப்பதற்கு முன், ஒரு வேலை நாளில் போவதே சரி. விருப்பங்களைப் பதிவுசெய்ய ஒவ்வொரு சுற்றிலும் சில நாள்களே தரப்படுவதால், அந்த நாள்களில் ஊர் ஊராக அலைய முடியாது. ஒரே நாளில் நான்கு கல்லூரிகளைச் சுற்றுவதும் வீண். மாலைக்குள் எது எந்தக் கல்லூரியில் பார்த்தது என்பதே குழம்பிவிடும். ஒரு நாளைக்கு ஒரு கல்லூரி போதும். அதிலும் காலை பத்து மணிக்குப் போய் நண்பகலில் கிளம்பாமல், மாலை வரை இருந்து பார்க்க வேண்டும்.

ஒரு வளாகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றில் சேர்வது

இது நம்புவதற்குக் கடினமாக இருந்தாலும் ஆண்டுதோறும் நடப்பதுதான். அண்ணா பல்கலைக்கழகம் என்றதும் நினைவுக்கு வருவது கிண்டி வளாகமும், பொறியியல் கல்லூரி 1920இல் குடிபெயர்ந்த அந்தச் செந்நிறக் கட்டடமும். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அக்கல்லூரியுடன், அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் கட்டடக்கலைப் பள்ளியும் கிண்டியில் இருக்கின்றன, அதே பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி) இருப்பது குரோம்பேட்டையில். இவை தவிர, கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் மண்டல வளாகங்களும், திண்டிவனம், பண்ருட்டி, ராமநாதபுரம், நாகர்கோவில் போன்ற ஊர்களில் உறுப்புக் கல்லூரிகளும் அதே பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இவற்றில் நன்றாக நடப்பவையும் உண்டு. ஆனால் கிண்டியின் நூலகமும் விடுதியும் அங்கே இருப்பதாக எண்ணிக்கொண்டு பட்டியலில் சேர்ப்பது தவறு. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் பல ஊர்களில் வளாகம் வைத்திருக்கின்றன. பெற்றோரை அழைத்துச் சுற்றிக்காட்டுவது தலைமை வளாகமாகவும், இடம் தரப்படுவது இன்னொன்றாகவும் இருக்கலாம். கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, எந்த முகவரிக்கு உரியதோ அந்த முகவரிக்கே போக வேண்டும். முதலாண்டு வகுப்புகளும் அங்கேயே நடக்குமா என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வாசல் பலகையை நம்புவது

நுழைவாயிலில் பெரிய எழுத்துகளில் இருக்கும், கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரக் குறியீடு கல்லூரி முழுமைக்குமானது. தேசிய அங்கீகார வாரியமான என்பிஏ தரும் அங்கீகாரமோ தனித்தனிப் படிப்புகளுக்கு, குறிப்பிட்ட கால அளவுக்கு வழங்கப்படுவது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு அது இருக்கலாம். புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்கு இல்லாமல் இருக்கலாம், ஏனெனில் ஒரு படிப்பில் மாணவர்கள் படித்து முடித்து வெளியேறிய பிறகே அதற்கு விண்ணப்பிக்க முடியும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "உங்கள் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" என்பதன்று, "நாங்கள் சேர நினைக்கும் துறைக்கு இருக்கிறதா, எந்த ஆண்டு வரை?" என்பதே.

வேலைவாய்ப்புப் புகைப்படங்கள் நிறைந்த சுவரின் முன் நிற்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு மாணவருக்கு மூன்று நிறுவனங்கள் பணியாணை தந்திருந்தால், பணியாணைகளை எண்ணும் கணக்கில் அது மூன்று. மிக உயர்ந்த சம்பளம் என்று போடப்படும் தொகை ஒருவர் வாங்கியது. மற்றவர்கள் வாங்குவதை அதிலிருந்து ஊகிக்க முடியாது. புறப்படுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், தாங்கள் அளித்த தரவுகளைத் தங்கள் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதோடு, எல்லாச் சம்பளங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். சேர்ந்தவர்களுக்கும் உரிய காலத்தில் முடித்தவர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம், சுவரில் இருக்கும் எந்தப் புகைப்படத்தைவிடவும் அதிகம் சொல்லும். இது கல்லூரியே அளிக்கும் கணக்கு என்பதையும், துறைவாரியாகப் பிரிக்கப்படாதது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, துறைவாரிக் கணக்கை நேரில் கேட்க வேண்டும்.

ஆய்வகத்தை அறையாகப் பார்ப்பது

குளிரூட்டிய அரங்கமும் கண்ணாடி முகப்பும் ஒரு மாணவர் அன்றாடம் புழங்கும் இடங்கள் அல்ல. அவர் புழங்கும் இடம் ஆய்வகம். அதைத்தான் பெரும்பாலோர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். உள்ளே போக அனுமதி கேளுங்கள். வொர்க்‌ஷாப்பில் கடைசல் இயந்திரமான லேத்தின் படுகையில் எண்ணெய்ப் பிசுக்கும், கீழே தட்டில் உலோகச் சுருளும் இருந்தால் அந்த இயந்திரம் ஓடுகிறது என்று பொருள். வண்ணப்பூச்சு கலையாமல், பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் பளபளக்கும் இயந்திரம் கல்லூரியைச் சோதிக்க வரும் ஆய்வுக் குழுவின் பார்வைக்காக வாங்கி வைக்கப்பட்டதாக இருக்கலாம். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், ஓர் இயந்திரத்துக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவர் இயக்க ஐந்து பேர் சுற்றி நின்று அளவுகளைக் குறித்துக்கொள்ளும் ஆய்வகத்தில் அந்த ஐவருக்கும் கைப்பழக்கம் வராது. கணினி ஆய்வகத்தில், வகுப்பு இல்லாத நேரத்தில் மாணவர்கள் வந்து உட்கார அனுமதி உண்டா என்பதே முக்கியமான கேள்வி.

நூலகத்தில் புத்தக எண்ணிக்கையைச் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு, சேரவிருக்கும் துறையின் அடுக்குக்குப் போய் நாலைந்து பாடநூல்களை எடுத்து, பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை எந்த ஆண்டு விழுந்தது என்பது அந்த நூலகம் எப்படிப் பயன்படுகிறது என்பதைக் காட்டிவிடும். கணினி மூலம் புத்தகம் வழங்கும் நூலகமாக இருந்தால், போன மாதம் எத்தனை புத்தகம் வெளியே போனது என்று நூலகரிடம் கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் 2013, 2017, 2021 எனச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவந்திருக்கிறது. நடப்பிலுள்ள பாடத்திட்டத்தின் நூல்கள் போதிய படிகள் இருக்கின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

ஆசிரியர்கள் பற்றிய கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் பணிபுரிவதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்ததை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. அதைத் தொடர்ந்து அண்ணா பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கியது. இணையதளத்தில் இருக்கும் துறை ஆசிரியர் பட்டியலைக் கையில் எடுத்துச் சென்று, துறை வராந்தாவில் உள்ள பெயர்ப் பலகைகளோடும், வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது பத்து நிமிட வேலைதான். பட்டியலில் இருக்கும் பெயர்கள் அட்டவணையில் இல்லையென்றால் காரணம் கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

மாதிரி அறையைப் பார்த்து விடுதியை முடிவுசெய்வது

விடுதியில் காட்டப்படும் அறை பெரும்பாலும் புதிய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும். முதலாண்டு மாணவர்களுக்கு ஒதுக்கப்படுவது எந்தக் கட்டடம், அறைக்கு எத்தனை பேர் என்று கேட்டு அந்த அறையையே பார்க்க வேண்டும். அறையைவிட முக்கியமானது குளியலறை. ஒரு தளத்துக்கு எத்தனை, எத்தனை பேருக்கு, காலை ஏழு மணிக்குத் தண்ணீர் மேல்தளம் வரை ஏறுமா என்பதெல்லாம் நான்காண்டுகளுக்கும் அன்றாடம் தொடரும் கவலைகள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதை நினைவில் வைத்துக்கொண்டு, கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். மகளிர் விடுதிக்குள் தந்தையரை அனுமதிப்பதில்லை. ஆகவே தாயோ, அக்காவோ, சித்தியோ உடன் வருவது அவசியம்.

மெஸ்ஸில் சுவரில் எழுதியிருக்கும் உணவுப் பட்டியலைப் படிப்பதற்குப் பதிலாக, டோக்கன் வாங்கி மாணவர்களோடு வரிசையில் நின்று மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள். விருந்தினர் அறையில் தனியாகப் பரிமாறுகிறோம் என்று சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடலாம். மெஸ் கட்டணம் ஆண்டுக்கு ஒரே தொகையா, மாதச் செலவைத் தலைக்கு வகுக்கும் டிவைடிங் முறையா, ஊருக்குப் போகும் நாள்களுக்குக் கழிவு உண்டா என்பவற்றை விடுதி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாசல் எத்தனை மணிக்கு மூடப்படுகிறது, இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் வண்டி இருக்கிறதா, அருகில் எந்த மருத்துவமனை என்பவற்றுக்கு விடுதிக் காப்பாளரிடம் தயங்காத பதில் இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து போய்வரப்போகும் டே ஸ்காலர்களும் இதே அளவு கவனிக்க வேண்டியது கல்லூரிப் பேருந்து. பார்க்கப் போகும் அன்று காரில் போகாமல், அந்தப் பேருந்தின் வழித்தடத்திலேயே, அது கிளம்பும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி சாலை வழியாகவோ பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமாகவோ காலை நெரிசலில் போகும்போதுதான் ஒரு நாளில் எவ்வளவு நேரம் சாலையில் கழியும் என்பது தெரியும். மாலையில் எல்லாப் பேருந்துகளும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டால், வகுப்புக்குப் பின் ஆய்வகத்திலும் நூலகத்திலும் மைதானத்திலும் இருக்கும் வாய்ப்பு இந்த மாணவர்களுக்கு இல்லை. ஆகவே, தாமதமாகக் கிளம்பும் பேருந்து உண்டா என்று கேட்க வேண்டும்.

பெற்றோரே பேசுவது, அலுவலரோடு மட்டும் பேசுவது

சுற்றிக்காட்ட வரும் அலுவலர் தம் வேலையைச் செய்கிறார். அவர் மீது குறை இல்லை. ஆனால் அவர் விலகிய பிறகு ஒரு மணி நேரமாவது கேன்டீனில் உட்கார வேண்டும், அதுவும் பிள்ளையைத் தனியே விட்டு. இரண்டாமாண்டு மாணவர்களிடம் பதினேழு வயதுப் பிள்ளை கேட்கும்போது வரும் பதில், அப்பா பக்கத்தில் நின்றால் வராது. "காலேஜ் எப்படி, அண்ணா?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பதே பதிலாகக் கிடைக்கும். போன செமஸ்டரில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் பாதியில் மாறினார், எதற்கெல்லாம் அபராதம் போடுகிறார்கள், கடைசியாக லேப்பில் என்ன செய்தீர்கள் என்று குறிப்பாகக் கேட்டால் குறிப்பான பதில் வரும்.

ராகிங் பற்றியும் அங்கேதான் உண்மை தெரியும். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. எல்லாக் கல்லூரியிலும் தடுப்புக் குழு இருக்கிறது என்று பலகை சொல்லும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார் என்று மாணவர்களுக்குத் தெரிகிறதா என்பதே சோதனை. பாலியல் புகார்களை விசாரிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்க வேண்டிய உள்ளகக் குழுவுக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கு நடப்பதில் சிரமம் இருந்தால், சாய்தளம் வாசலோடு நின்றுவிடுகிறதா, ஆய்வகம் இருக்கும் மாடி வரை லிஃப்ட் போகிறதா என்பதைச் சக்கர நாற்காலியோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும்.

அலுவலகத்தில் கேட்க வேண்டிய ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் பட்டதாரிச் சலுகை, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கான கல்வி உதவித்தொகை, அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் ஆகியவற்றுக்கான வேலை கல்லூரி அலுவலகத்தின் வழியாகவே நடக்கிறது. இவற்றைக் கவனிக்கும் எழுத்தர் யார் என்று கேட்டு அவரிடமே பேசுங்கள். உதவித்தொகை வருவதற்குத் தாமதமானால், அதுவரை மாணவரையே கட்டச் சொல்கிறார்களா என்பது ஏழைக் குடும்பத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி.

பார்க்கப் போன இடத்திலேயே பணம் கட்டுவது

"இன்றே முன்பணம் கட்டினால் சீட் உறுதி" என்ற பேச்சு எழும்போது சுற்றிப்பார்த்த மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடக் கூடாது. அரசு ஒதுக்கீட்டு இடத்தைக் கலந்தாய்வு மட்டுமே தர முடியும்; எந்தக் கல்லூரியும் முகவரும் அதை முன்கூட்டி உறுதிசெய்ய முடியாது. கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீடாக இருந்தாலும், நன்கொடை வாங்குவதை 1992ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலை இந்தப் பயணத்தில் எடுத்துச் செல்லவே வேண்டாம், நகல் போதும். கட்டண விவரத்தைக் கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், பேருந்து, தேர்வு, இதர கட்டணம் எனப் பிரித்து எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அன்றிரவே பிள்ளையும் பெற்றோரும் தனித்தனியாகத் தங்கள் வரிசையை எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கிடைத்தாலும் சேர மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை, பட்டியலை நீளமாக்குவதற்காகச் சேர்க்க வேண்டாம். கலந்தாய்வில் ஒதுக்கப்படுவது நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலிலிருந்துதான்.