லண்டனில் சின்னப் பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை: கிளம்புவதிலிருந்து திரும்புவதுவரை

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ‘எங்கே போகலாம்’ என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ‘எத்தனை மணிக்குத் திரும்ப ரயில் ஏறணும்’ என்பதுதான். மதியம் ஒன்றரைக்குத் தூங்கும் பிள்ளை என்றால் ஒரு மணிக்கு ரயிலில் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சாப்பாடு அரை மணி, விளையாட்டு இரண்டு மணி, போகும் நேரம் முக்கால் மணி. ஆக, ஒன்பதே முக்காலுக்குக் கதவைப் பூட்ட வேண்டும். ஷூ, ஜாக்கெட், கிளம்பும் நேரத்தில் வரும் ‘ஒண்ணுக்கு வருது’ எல்லாவற்றுக்கும் சேர்த்து இருபது நிமிடம் தனி.

ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். காலையில் டைனோசர், மதியம் பூங்கா என்று கோத்தால் இரண்டாவது இடத்தில் அழுகைதான் மிஞ்சும்.

வெள்ளி இரவே பாதையைப் பாருங்கள். பராமரிப்புப் பணிக்காக டியூப் (லண்டனின் சுரங்க ரயில்) தடங்களை மூடுவது பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான். போன வாரம் போன வழி இந்த வாரம் இருக்கும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது. லண்டன் போக்குவரத்துத் துறையின் டிஎஃப்எல் கோ (TfL Go) செயலியில் படியில்லாப் பாதை மட்டும் காட்டும்படி வைத்துக்கொண்டு, லிஃப்ட் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். லிஃப்ட் இருந்தால் படி இருக்காது என்பதும் இல்லை: ரஸ்ஸல் ஸ்குயரில் லிஃப்டை விட்டு இறங்கிய பிறகும் நடைமேடைக்குப் படிகள் உண்டு. அதன் பக்கத்திலுள்ள கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் போவதானால் (பிள்ளை கூட இல்லாமல் பெரியவர்களை உள்ளே விடாத பூங்கா அது) தள்ளுவண்டிக்காரர்கள் கிங்ஸ் கிராஸில் இறங்கி நடப்பது நல்லது.

டிக்கெட் விஷயத்தில் கவலை குறைவு. டியூப், டிஎல்ஆர் (கிழக்கு லண்டனின் இலகு ரயில்), ஓவர்கிரவுண்ட் (தரைமேல் ஓடும் நகர ரயில்) மூன்றிலும் பெரியவர் ஒருவரோடு 11 வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகள்வரை இலவசம். பேருந்தில் தள்ளுவண்டி வைக்கும் இடத்தில் முதல் உரிமை சக்கர நாற்காலியில் வருபவருக்கு. அவர் ஏறினால் வண்டியை மடக்க வேண்டும். அப்போது கைப்பிடியில் நாலு பை தொங்கினால் அவ்வளவுதான். முதுகுப் பை ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவைக்குத் தோதான இடம் மட்ஷூட் பண்ணை. பேங்க் நிலையத்தில் லூயிஷம் போகும் டிஎல்ஆர் ஏறி மட்ஷூட் நிலையத்தில் இறங்கினால் சற்று நடைதான். டிஎல்ஆர் நிலையங்கள் எல்லாவற்றிலும் படியில்லாமல் போய்வரலாம். ரயிலை ஓட்ட முன்னால் ஆள் உட்காருவதில்லை என்பதால் முன் கண்ணாடியை ஒட்டிய இருக்கை பயணிகளுக்கே. பேங்கிலேயே ரயில் புறப்படுவதால் அங்கே ஏறினால் அந்த இருக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். நிறைந்திருந்தால் அடுத்த ரயிலுக்கு நில்லுங்கள், சில நிமிடத்தில் வந்துவிடும். சுரங்கத்தின் இருட்டிலிருந்து ரயில் வெளிச்சத்துக்கு ஏறிவரும் இடத்தில் நாலு வயதுப் பிள்ளை தானே ஓட்டுவதாக நினைத்துக் கையைச் சுழற்றும். பாதிப் பிள்ளைகளுக்கு அன்றைய உல்லாசம் அதோடு முடிந்துவிடும். பண்ணை அதற்கு மேலான லாபம்.

பண்ணைக்குள் போக டிக்கெட் இல்லை. ஆடும் பன்றியும் மேய, அவற்றுக்குப் பின்னால் கேனரி வார்ஃப் வணிக வட்டாரத்தின் உயரக் கட்டடங்கள் நிற்கும். மழை பெய்த மறுநாள் தரை சேறாகவே இருக்கும். ரப்பர் பூட்ஸ் போடுங்கள், ஷூவைப் பையில் வையுங்கள். மாற்றிப் போடுவது எல்லோரும் செய்வதுதான், கால்சட்டையின் விளிம்பை பூட்ஸுக்குள் செருகுவதைத்தான் மறப்பார்கள்.

கை கழுவுவதில் மட்டும் சமரசம் வேண்டாம். விலங்கைத் தொட்ட கைக்கு ஜெல் போதாது; சாணத்தில் இருக்கக்கூடிய சில கிருமிகளை அது கொல்வதில்லை, சேற்றையும் நீக்குவதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. வேலியருகே எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். கீழே விழுந்த சூப்பானைத் துடைத்து வாயில் வைக்காமல் பையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். அதனால் இரண்டு சூப்பான் அவசியம்.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் சுலபம். பாலைத் தாராளமாகவும் தயிரை ஒரு கரண்டியாகவும் விட்டுக் குழையப் பிசைந்து, ஐஸ் பேக் பக்கத்தில் வைத்தால் மதியம்வரை புளிக்காது. குளிர்காலத்தில் சூடாக வேண்டுமென்றால் வாயகன்ற ஃப்ளாஸ்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் பருப்புச் சாதத்தை நிரப்புங்கள். வெறும் ஃப்ளாஸ்கில் போட்டால் அதன் சுவரே சூட்டைக் குடித்துவிடும். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். குறுக்கே இரண்டாக வெட்டினாலும் அந்த வட்டம் குரல்வளையை அடைக்கும்.

பல டியூப் நிலையங்களில் கழிப்பறை கிடையாது. கிங்ஸ் கிராஸ், வாட்டர்லூ, லண்டன் பிரிட்ஜ் போன்ற பெரிய ரயில் நிலையங்களில் 2019 முதல் இலவசம். வழியில் அப்படி ஒன்று வந்தால், வருகிறதோ இல்லையோ, உட்கார வைத்துவிடுங்கள்.

உடையில் தடிமனான ஒன்றைவிட மெல்லியவை மூன்று மேல், ரயிலுக்குள் ஏறியதும் உரித்துவிடலாம். வெயில் நாளில் தள்ளுவண்டிமேல் போர்வையோ துப்பட்டாவோ போர்த்தாதீர்கள். நிழல் என்று நினைத்து உள்ளே அனலைப் பூட்டிவிடுவோம். கவ்விப்பிடிக்கும் குடைதான் சரி. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகவே மதியத் தூக்கம் முடித்துப் பூங்காவுக்குப் போகலாம் என்ற திட்டம் குளிர்காலத்தில் எடுபடாது.

மழை கொட்டினால் தெற்கு கென்சிங்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கவே இருக்கிறது. அனுமதி இலவசம், ஆனாலும் நேரத்தை முன்பதிவு செய்துகொண்டால் மழையில் வரிசை நிற்க வேண்டாம். அசைந்து உறுமும் டி-ரெக்ஸ் இரண்டு வயதுக்கு பயம். முதலில் கூரையிலிருந்து தொங்கும் நீலத் திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டுங்கள், அது உறுமாது.

ரயில் ஏறும்போது பெரியவர் ஒருவர் முதலில், பிள்ளைகள் நடுவில், மற்றவர் கடைசியில். தனியாகப் போனால் பிள்ளையின் கையை விடாமல் சேர்ந்தே ஏறுங்கள். கதவு நடுவே மூடிவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று வீட்டிலேயே இரண்டு முறை நடித்துக் காட்டி வையுங்கள். சட்டையின் உள்பக்கம் ஃபோன் எண்ணை எழுதுங்கள். பெயர் வெளியே தெரியும்படி வேண்டாம்.