மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு சேராமல் காயவைத்துச் சேமிக்கும் முறை

சென்ற ஆண்டு வீட்டுத் தேவைக்கென எடுத்து வைத்த மக்காச்சோள மூட்டைகளுள் ஒன்று, இரண்டே மாதத்தில் பச்சை பூத்துக் கட்டி தட்டிப்போனது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை இவ்வாறுதான் படரும். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் பி1 என்னும் நஞ்சு கல்லீரலில் வேதிமாற்றம் அடைந்து, மரபணுவில் ஒட்டிக்கொண்டு புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. ஹெப்படைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு பெருகுகிறது. 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில், ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தை உண்ட 317 பேர் நோயுற்று, அவர்களில் 125 பேர் இறந்தார்கள்.

முதலில், கதிர்களை உதிர்ப்பதற்கு முன்பே புழு துளைத்தவற்றையும் நிறம் மாறியவற்றையும் கழித்துவிடுங்கள். நஞ்சு எல்லா மணிகளிலும் சமமாகப் பரவுவதில்லை. சில சொத்தை மணிகளிலேயே குவிந்திருக்கும். பிறகு தார்ப்பாய் விரித்துக் காயவையுங்கள். வெறும் மண் தரையில் கொட்டினால் பூஞ்சை வித்துகள் மண்ணிலிருந்தே தானியத்தில் ஏறிவிடும்.

நான் தவறியது அடுத்த படியில்தான். மணியைக் கடித்துப் பார்த்து, ‘கடக்’கென்று உடைந்ததும் காய்ந்துவிட்டது என்று நம்பி மூட்டை கட்டினேன். இப்போது உப்பைக் கொண்டு சோதிக்கிறேன். ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் ஒரு கைப்பிடி உப்பும் இட்டு, மூடி, நன்றாகக் குலுக்கி, கால்மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். ஒட்டாவிட்டாலும் அத்துடன் நிறுத்தாமல் மேலும் ஓரிரு நாள் நல்ல வெயிலில் காயவைப்பேன். நெடுநாள் சேமிப்புக்கு 13 சதவீதத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும்.

(பிற்சேர்க்கை: நன்றாகக் காய்ந்த தானியத்திலும் உப்பு ஒட்டுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் பயன்படுத்திய உப்பிலேயே ஈரம் இருந்திருக்கிறது. உப்பை வாணலியில் வறுத்து, ஆறவைத்த பிறகே புட்டியில் இடுங்கள்.)

வெயிலிலிருந்து அள்ளிய சூட்டோடு தானியத்தைக் கட்டாதீர்கள். ஆறும்போது உள்ளேயே வியர்த்துவிடும். சணல் சாக்கு காற்றின் ஈரத்தை உள்ளே விடும் என்பதால், காற்றுப் புகாத தடித்த பிளாஸ்டிக் பையையே நான் விரும்புகிறேன். எதில் கட்டினாலும் மரப்பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள்.

பூஞ்சை பிடித்ததைக் கழுவி வேகவைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். சமையல் சூட்டில் இந்த நஞ்சு அழிந்துவிடுவதில்லை. மாட்டுக்குப் போடுவதும் தீர்வாகாது, ஏனெனில் இந்த நஞ்சு மாட்டின் உடலில் அஃப்ளாடாக்சின் எம்1 என்னும் மற்றொரு நஞ்சாக மாறிப் பாலில் இறங்குகிறது. அந்த மூட்டையை, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம்.