ஒரு சாலிடைப் பல துண்டுகளாகப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் பாகங்களை வடிவமைக்கும் கேட் (CAD) மென்பொருளில் புதிதாகப் பழகுபவர்கள் ஒரு பெரிய பாகத்தின் சாலிடை, அதாவது அதன் முப்பரிமாணத் திட வடிவத்தை, துண்டு துண்டாகப் பிரிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் அதே வரிசையில் திரும்பி வருகின்றன. பிளேனை (வெட்டும் தளத்தை) மாற்றித் தேர்ந்தெடுப்பது, சேமிக்க மறப்பது போன்றவை தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வடிவம் முடியும் முன்பே பிரிப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். முப்பரிமாண அச்சுப்பொறியின் மேடையைவிடப் பெரியதாக இருந்த ஓர் இயந்திர மூடியை, ஒருவர் சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருளில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பிளேன்களால் எட்டுத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகச் சேமித்தார். திருகுத் துளைகள் விடுபட்டது அதன் பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. மூலக் கோப்பில் துளைகளைச் சேர்த்தார். துண்டுகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. செய்த படிகளை வரிசையாகக் காட்டும் ஃபீச்சர் மரத்தில், ஸ்பிளிட் என்ற பிரிக்கும் படிக்கு மேலே உள்ளவை மட்டுமே துண்டுக் கோப்புகளைச் சென்றடையும். கீழே சேர்ப்பவை மூலக் கோப்பிலேயே நின்றுவிடும்.

மரத்தில் முந்தைய படிக்குத் திரும்ப உதவும் ரோல்பேக் கோட்டை ஸ்பிளிட்டுக்கு மேலே இழுத்துத் துளையிட்டிருந்தால் எட்டுத் துண்டுகளும் ஒரே நேரத்தில் சரியாகியிருக்கும். அவரோ ஒவ்வொரு துண்டையும் திறந்து, அதன் விளிம்பிலிருந்து அளந்து துளையிட்டார். வெட்டுக்கோட்டின் மேலேயே விழுந்த ஒரு துளை, ஒரு கோப்பில் பாதியும் அடுத்ததில் பாதியுமாகி, சேர்த்துப் பார்த்தபோது அரை மி.மீ. விலகி நின்றது. பின்னர் மூடியின் அகலத்தைக் கூட்டச் சொன்னபோது துண்டுகளின் உடல் வளர்ந்தது. துளைகள் விளிம்பிலிருந்து பழைய தூரத்திலேயே நின்றன. இந்த இணைப்பு மூலத்திலிருந்து துண்டுக்குப் போகும் ஒருவழிப் பாதை என்பதால், துண்டில் செய்த திருத்தம் எதுவும் மூலத்துக்குத் திரும்பாது.

இதே தவறின் இன்னொரு முகம், பிரித்த பிறகு இன்னொரு பிளேனைச் சேர்ப்பது. ஏற்கெனவே உள்ள ஒன்றுக்கு இணையாக ஒரு பிளேனை, அதுவும் பாகம் முழுவதையும் வெட்டும்படி, சேர்த்தாலே எட்டு பன்னிரண்டாகிவிடும். எந்தக் கோப்பு எந்தத் துண்டுக்கு உரியது என்பதை அப்போது மறுபடியும் பொருத்த வேண்டியிருக்கும். கவனிக்காமல் விட்டால் ‘இடது கீழ்’ என்ற பெயருள்ள கோப்பில் வேறு துண்டு வந்து உட்கார்ந்துவிடலாம். ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளிலும், வடிவத்தின் முகங்களுக்கு அது தரும் எண்கள் மாறிப்போகும் இந்தத் தொல்லை பல ஆண்டுகள் இருந்தது. 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பு அதைப் பெரிதும் தணித்திருக்கிறதே தவிர, வரிசையை மறக்கும் உரிமையை நமக்குத் தரவில்லை.

ஆகவே துளை, ஷெல் (உள்ளே குடைந்து கூடாக்குவது), வெளி விளிம்பின் ஃபில்லட் (விளிம்பை உருட்டுவது) எல்லாம் முடிந்த பிறகே பிரியுங்கள். இணைப்பு ஊசி, அதற்கான குழி போன்று துண்டுக்கே உரியவற்றை மட்டும் பின்னால் செய்யுங்கள். பிரித்த பிறகு ஃபில்லட் போட்டால் ஒட்டும் விளிம்புகளும் உருண்டு, சேர்த்த இடத்தில் ஒரு வாய்க்கால் ஓடும்.

குட்டையான வெட்டுப் பரப்பு

வெட்டும் சர்ஃபேஸ் சாலிடின் எல்லாப் பக்கமும் சற்று வெளியே நீண்டிருக்க வேண்டும்.

எஸ்டிஎல் கோப்பை வெட்டுவது

எஸ்டிஎல் (STL) என்பது அச்சிடுவதற்காக ஏற்றுமதி செய்யும் கோப்பு; அதில் இருப்பது வடிவத்தின் மேற்பரப்பைக் காட்டும் முக்கோணங்கள் மட்டுமே. சாலிடைப் பிரித்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.

இடைவெளியை மறப்பது

மென்பொருளின் வெட்டுக்கு அகலம் கிடையாது. இரு முகங்களும் ஒரே இடத்தில் இருக்கும். தட்டையாக ஒட்டும் முகங்களுக்கு அது போதும். ஊசியும் குழியும் அப்படிப் பொருந்தாது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடுபவர்கள் பக்கத்துக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. வரை விட்டுத் தொடங்குவது வழக்கம். முழுப் பாகத்தையும் அச்சிடும் முன் ஓர் ஊசியையும் ஒரு குழியையும் மட்டும் அச்சிட்டுப் பாருங்கள்.

எண்ணிப் பார்க்காமல் சேமிப்பது

துண்டுகளின் கன அளவுகளைக் கூட்டினால் மூலச் சாலிடின் கன அளவு வர வேண்டும். பாடிகளின், அதாவது தனித்தனித் திடத் துண்டுகளின், எண்ணிக்கையையும் பாருங்கள். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தால், பெரும்பாலும் ஒரு முகத்தோடு ஒட்டிப் போக வேண்டிய பிளேன் 0.01 மி.மீ. உள்ளே தள்ளி நின்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய சீவலை அறுத்து வைத்திருக்கும். பட்டியலில் பாடிகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தால் அது அகப்படும்.