மேகம் ஏறுவதற்குள் பூவைக் கொடுத்துவிடுங்கள்

இலங்கை மலையகத்தில் ஒருவரிடம் மனதில் இருப்பதைச் சொல்லவோ, கலியாண நாளைக் கொண்டாடவோ நினைக்கிறவர்கள் பலரும் முதலில் பூக்கடைக்குத்தான் போகிறார்கள். பன்னிரண்டு சிவப்பு ரோஜா, பளபளக்கும் தாள், ஒரு ரிப்பன், வேலை முடிந்தது. எங்கே போவது என்ற யோசனை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் வருகிறது. தயவுசெய்து இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் இடம், அப்புறம் அந்த இடத்துக்குப் போகவேண்டிய நேரம், கடைசியில்தான் பூ. நம் ஊரில் எந்தப் பூ எடுபடும் என்பதை வெளிச்சமும் பனிமூட்டமும் காற்றும் முடிவு செய்கின்றன. கடைக்காரர் எதைச் சொன்னாலும் இது மாறாது.

எனக்கு இது புரிந்தது லிப்டன் சீட் என்ற மலைக் காட்சி முனையில். அப்புத்தளைப் பக்கம், தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் அளவு மேலே ஏறவேண்டும். நாங்கள் போய்ச் சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. மேகம் மலை முழுவதையும் மூடியிருந்தது. நான் கொண்டுபோன கருஞ்சிவப்பு ரோஜாக்கள் அந்த மங்கலில் கறுப்பாகத் தெரிந்தன, இதழ்களில் நீர் கோத்து தாளெல்லாம் நைந்துபோயிருந்தது. என்னோடு வந்தவள் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். ஆனால் இரண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தால் அவளுக்குப் பின்னால் மலைத்தொடர் வரிசையாகத் தெரிந்திருக்கும் என்ற எண்ணம் இன்னும் எனக்குப் போகவில்லை.

மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு முதலில் இருண்டுபோகிற நிறம் சிவப்புதான். நீலம் கொஞ்சம் தாங்கும், வெளிர் நிறங்கள் நன்றாகவே தாங்கும். அதனால் அதிகாலை, மூடுபனி, மழைக்கு முந்திய நேரம் என்று திட்டம் இருந்தால் மஞ்சள், வெளிர் ரோஸ், பாலேட்டு நிறம், இளநீலம் என்று எடுங்கள். கருஞ்சிவப்பை நல்ல வெயில் விழும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம்மைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பச்சை. தேயிலைக்கு நடுவில் நிற்கும்போது பூங்கொத்தில் இலையை நிறையச் சேர்த்தால் கொத்து பின்புறத்தோடு கலந்துவிடும். தேயிலை மலைக்கு இலை குறைவான கொத்தும், ஏரிக்கரைக்கோ கல் கட்டடத்துக்கோ பன்னமும் இலையும் சேர்த்த கொத்தும் பொருந்தும்.

சரி, எந்த மாதம் எந்தப் பக்கம்? வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். மலையகம் என்றால் ஒரே காலநிலை என்று நினைத்துவிடுகிறார்கள். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்தில் கொட்டும். அதே காலத்தில் மலையின் அந்தப் பக்கம், ஊவாவில், பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை காய்ந்து கிடக்கும், ஆனால் காற்று ஆளைத் தள்ளும். ஒக்டோபரிலிருந்து ஊவாவுக்கு மழை வந்துவிடும். ஜனவரி பாதி தாண்டி மார்ச் வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தெளிவாக இருக்கும். காலையில் நுவரெலியாவில் புல்லின்மேல் உறைபனி படிவதும் அந்த நாட்களில்தான். அழகுதான், ஆனால் கூட வருகிறவர் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றால் எந்தப் பேச்சும் மனதில் ஏறாது, ஆகவே ஒரு சால்வையும் பிளாஸ்கில் தேநீரும் கொண்டுபோங்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நான் காசல்ரி நீர்த்தேக்கத்தைத்தான் சொல்வேன். ஹட்டனிலிருந்து நோர்வூட் பக்கமாகப் போகும்போது தேயிலை தண்ணீர் ஓரம் வரை இறங்கி நிற்கும். காலை ஏழு, எட்டு மணிக்குத் தண்ணீர் அசையாமல் கிடக்கும், எதிர்மலை அப்படியே அதில் விழும். வானம் தெளிந்திருந்தால் சிவனொளிபாதமலையும் தெரியும். இந்த இடத்துக்கு நீல ஹைட்ரேஞ்சியாவைத் தவிர வேறு பூ எனக்குத் தோன்றுவதில்லை. அந்தப் பூ நம் மண்ணில் ஏன் நீலமாகப் பூக்கிறது தெரியுமா? தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், அதே புளிப்பு மண்ணில்தான் அலுமினியம் கரைந்து ஹைட்ரேஞ்சியாவுக்குள் ஏறி நிறத்தை நீலமாக்குகிறது. சுண்ணாம்பு கலந்த மண்ணில் அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். தேயிலை வளர்ந்த மண்ணின் நிறத்தையே கையில் கொடுக்கிறீர்கள், இதை அவருக்குச் சொல்லியும் கொடுங்கள். பங்களா வாசல்களிலும் லயத்து முற்றங்களிலும் இது நிறைய நிற்கும், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கேட்காமல் பறிக்கவேண்டாம்.

நுவரெலியா டவுனுக்குள் என்றால் கிரகரி வாவியை விட விக்டோரியா பூங்கா எனக்குப் பிடிக்கும். விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக 1897இல் அந்தப் பெயர் வந்தது. பெரிய மரங்கள், உட்கார இருக்கைகள், நுழைவுச்சீட்டு வாங்கினால் அமைதியாக இருக்கலாம். பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகிற நிச்சயதார்த்தப் படத்துக்கும் ஏற்ற இடம். கிரகரி வாவி 1873இல் வெட்டப்பட்டது, கரையில் மாலை வெயில் நன்றாக இருக்கும், ஆனால் ஏப்ரல் சீசனில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. அந்த நெரிசல் வேண்டாம் என்றால் டவுனை விட்டு வெலிமடை வீதியில் பத்துக் கிலோமீட்டர் அளவு இறங்கி ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1861இல், மலேரியாவுக்கு மருந்து தரும் சிங்கோனாப் பயிரைச் சோதிக்கத் தொடங்கிய இடம், இன்று ரோஜாத் தோட்டத்துக்குப் பேர் போனது. அங்கேயே ஆயிரம் ரோஜா நிற்கும்போது கையில் ரோஜா கொண்டுபோவதில் அர்த்தமில்லை. ஒற்றை லில்லியோ, கார்னேஷனில் சின்னக் கொத்தோ போதும்.

எல்லவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் கட்டி முடிந்தது, செங்கல், கல், சிமெந்து மட்டும், இரும்பே இல்லை. அதன் அழகைப் பார்க்கவேண்டிய இடம் பக்கத்துச் சரிவு. தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கவேண்டாம், வளைவுக்கு அப்பால் வருகிற ரயிலை எல்லா நேரமும் காதில் வாங்கமுடியாது. நிதானமாகப் பேச நினைத்தால் சின்ன சிவனொளிபாதமலைக்கு விடிகாலையில் ஏறுங்கள், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நடை. கையில் பெரிய கொத்து வேண்டாம், காற்று பிய்த்துவிடும். ஜெர்பரா எடுக்கவே எடுக்காதீர்கள், தண்டு உள்ளே வெற்றாக இருப்பதால் தலை முறிந்து தொங்கும். கார்னேஷன், செவ்வந்தி, ஸ்டேடிஸ், இவற்றை இறுக்கிக் கட்டினால் பஸ் நெரிசலையும் காற்றையும் தாங்கும்.

நீர்வீழ்ச்சி என்றால் தலவாக்கலைப் பக்கம் டெவன், 97 மீட்டர் உயரம், வீதியோரக் காட்சி மேடையிலிருந்தே முழுதாகத் தெரியும். கொஞ்சத் தூரத்தில் சென்கிளேயர், ஆனால் மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபிறகு அதில் முன்புபோல் தண்ணீர் இல்லை. நீர்வீழ்ச்சிக்கு மஞ்சளும் செம்மஞ்சளும்தான் எடுக்கும், வெள்ளை நுரையோடு வெள்ளைப் பூ காணாமல் போய்விடும். மழை நாளில் அடியில் இறங்கவேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் அந்த வழியையே விட்டுவிடுங்கள், நாள் தள்ளிப்போனால் ஒன்றும் குறையாது. ஈரக் காலத்தில் புல்லுக்குள் அட்டை இருக்கும், நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் கொழும்பிலிருந்து வருகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிக் கூட்டிவாருங்கள்.

ஹோர்டன் சமவெளிக்குப் பூங்கொத்து கொண்டுபோகாதீர்கள். அது தேசியப் பூங்கா, வெளிச்செடியின் விதை உள்ளே விழுவது நல்லதல்ல, அங்கே நிற்கிற சிவந்த மலை ரோஜாவை (ரோடோடென்ட்ரன்) பறிப்பதும் குற்றம். அங்குள்ள உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளம் தெளிவாகத் தெரியவேண்டுமானால் விடிந்ததும் உள்ளே போய்விடவேண்டும், ஒன்பது பத்து மணிக்கு மேகம் மூடிவிடும். சொல்லவேண்டியதை அங்கே சொல்லுங்கள், பூவை நுவரெலியாவில் தண்ணீரில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து கொடுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் இருப்பார்களா? தோட்டத்தில் காலையில் ஒரு பெண் யாரோடோ நின்று கதைத்தால் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் டிவிஷன் முழுக்கத் தெரிந்துவிடும். பேச்சு கேட்பது பெரும்பாலும் அந்தப் பெண்தான். ஆகவே அவருடைய தோட்டத்தையும் பக்கத்து டவுனையும் விட்டுத் தள்ளி, ஆள் நடமாட்டம் உள்ள, ஆனால் அறிமுகம் இல்லாத இடமாகப் பாருங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அவருக்கு முன்பே சொல்லிவிடவேண்டும். ஆளே இல்லாத காட்டுப்பாதை உங்களுக்கு இனிமையாகத் தோன்றலாம், அவருக்குப் பயமாக இருக்கலாம். தேயிலை மலைக்குள் நின்று படம் எடுக்க ஆசை என்றால் தோட்ட ஆபீசிலோ கங்காணியிடமோ கேட்டுக்கொள்ளுங்கள், மருந்து அடித்த மலையாக இருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பூவின் அர்த்தத்தையும் நம் ஊர்ப் பழக்கத்தை வைத்துத்தான் பார்க்கவேண்டும். வெள்ளை மட்டும் கட்டிய கொத்தைக் கண்டதும் வீட்டுப் பெரியவர்களுக்கு வெள்ளைக்கொடியும் மரண வீடும்தான் ஞாபகம் வரும். வெள்ளை பிடித்தவருக்கு அதில் மஞ்சளோ ரோஸோ கலந்து கொடுங்கள். அந்தூரியம் கண்டி, பேராதனை மாதிரி இளஞ்சூட்டு இடங்களில் அழகு, நுவரெலியாக் குளிரில் ஓரம் கறுத்துவிடும். வேலியோரம் எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூவைப் பார்த்திருப்பீர்கள், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, கொத்தில் சேர்க்கவே கூடாது. எல்லாவற்றையும் விட, லயத்து வாசலில் அம்மா வளர்த்த டேலியாவில் நாலு பூவை வாழைநாரில் கட்டிக் கொடுத்தால், கடைப் பூவுக்கு வராத சிரிப்பு வரும், நான் பார்த்திருக்கிறேன்.

பூவை முதல் நாள் மாலையே வாங்குங்கள். தண்டின் நுனியைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் முழுகும் இலைகளை உருவிவிட்டு, இரவு முழுக்க வாளித் தண்ணீரில் குளிர்ந்த மூலையில் வையுங்கள். லில்லி என்றால் நடுவில் இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள், சேலையில் பட்டால் கறை போகாது. பயணத்துக்கு ஈரப் பஞ்சைத் தண்டில் சுற்றி அதன்மேல் வாழையிலை கட்டினால் போதும். பஸ்ஸில் மடியில் நிமிர்த்திப் பிடியுங்கள், ஜன்னலோரம் வேண்டாம். ஹைட்ரேஞ்சியா போய்ச் சேரும்போது வாடியிருந்தால் பயப்படாதீர்கள், பூத்தலையையே குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள், அந்தப் பூ இதழ்வழியாகவும் நீர் குடிக்கும், நிமிர்ந்துவிடும். அதனால் அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முதல் பஸ்ஸையே பிடித்துவிடுங்கள்.